ஓவர்ஹால் முடிந்த கம்ப்ரசர் கூடுதல் ஆம்பியர் இழுத்தால் எங்கே தேடுவது?

உங்கள் நூற்பாலையில் பெல்ட்டில் ஓடும் இரண்டு ஸ்டேஜ் (காற்றை இரண்டு கட்டமாக அமுக்குவது), டபுள் ஆக்டிங் (பிஸ்டனின் இரண்டு பக்கமும் அமுக்குவது), தண்ணீர் குளிர்ச்சி கம்ப்ரசர். மோட்டார் 75 கிலோவாட். பெயர்ப் பலகையில் 130 ஆம்பியர். ஓவர்ஹாலுக்கு முன் 7 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்தில் 112 ஆம்பியர் எடுத்தது. ரிங், வால்வு பிளேட், ஸ்பிரிங், மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங், கிளாண்டு பேக்கிங் (பிஸ்டன் ராடைச் சுற்றிக் காற்று ஒழுகாமல் அடைப்பது) எல்லாம் புதிதாகப் போட்ட பிறகு அதே 7 கிலோவில் 142 எடுக்கிறது. இருபது நிமிடத்தில் ஓவர்லோடு ரிலே விழுகிறது. பேரிங்குகளை இறுக்கிவிட்டோமோ, மறுபடியும் கழற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது கழற்றாதீர்கள் தம்பி. முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 415 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.86 என்று வைத்துக்கொண்டால் 112 ஆம்பியர் என்பது சுமார் 69 கிலோவாட். 142 ஆம்பியர் என்பது சுமார் 88 கிலோவாட். வித்தியாசம் 18 கிலோவாட்டுக்கு மேல். வெந்நீர் போடும் 2 கிலோவாட் ஹீட்டர்கள் ஒன்பதை ஒன்றாகப் போட்டால் வரும் சூடு அது. இவ்வளவும் ஒரு பேரிங்கிலோ கிளாண்டிலோ உராய்வாகப் போயிருந்தால் இருபது நிமிடம் தாங்காது. ஐந்தாவது நிமிடத்திலேயே புகை வந்திருக்கும், பேரிங்கின் உள்பூச்சான வெள்ளை மெட்டல் உருகியிருக்கும், கிராங்க் கேஸ் கதவில் கை வைக்க முடிந்திருக்காது. ரிலே விழுந்ததும் தொட்டுப் பார்த்தோம், பேரிங் எதுவும் சூடாக இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி போதும். உராய்வு இதில் முதன்மைக் குற்றவாளி அல்ல. உராய்வு கொஞ்சம் கூடியிருக்கும், புது ரிங் போட்டால் அது இயல்பு. ஆனால் 30 ஆம்பியருக்கு அது காரணமாகாது.

அப்படியானால் மின்சாரம் போவதற்கு இரண்டு வழிகள்தான் மிச்சம். ஒன்று, காற்றை அமுக்கும் வேலை உண்மையிலேயே கூடியிருக்கிறது. இல்லையென்றால் வேலை கூடவில்லை, ஆம்பியர் மட்டும் கூடியிருக்கிறது. இரண்டாவதை முதலில் தீர்த்துவிடுங்கள். அதற்கு ஸ்பேனர் தேவையில்லை, அரை மணி நேரம் போதும்.

கிளாம்ப் மீட்டரை மட்டும் நம்பாமல் கிலோவாட் காட்டும் பவர் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது மாட்டுங்கள். நூற்பாலைகளில் நான் அடிக்கடி பார்த்தது கெபாசிட்டர் சங்கதி. 75 கிலோவாட் மோட்டாருக்கு, அதன் காந்தப்புலத்துக்கான கரன்ட்டை ஈடுகட்டும் 25 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் இணைத்திருந்தால், போர்டில் உள்ள அம்மீட்டர் மோட்டாரின் முழு கரன்ட்டைக் காட்டாது. கெபாசிட்டர் ஈடுகட்டியது போக மீதியைத்தான் காட்டும். ஓவர்ஹாலுக்காக லைன் எடுக்கும்போது கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு மறுபடி இணைக்க மறந்தாலோ, அதன் ஃபியூஸ் போயிருந்தாலோ, மோட்டாரின் சுமை துளியும் மாறாமலே அம்மீட்டர் சுமார் 13 ஆம்பியர் கூடுதலாகக் காட்டும். கெபாசிட்டர் ரிலேக்குக் கீழே இணைக்கப்பட்டிருந்தால் ரிலேயும் அந்தக் கூடுதலைத்தான் பார்க்கும். உங்கள் பழைய 112 எங்கே, எந்த மீட்டரில் எடுத்தது என்பதை உங்கள் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வோல்டேஜ். மோட்டார் ஓடும்போது, மோட்டார் டெர்மினலில், மூன்று ஃபேஸ்களுக்கு இடையிலும் அளக்க வேண்டும். சுமை மாறாதபோது 415 இருக்க வேண்டிய இடத்தில் 390 இருந்தால் கரன்ட் 6 சதவீதத்துக்கு மேல் ஏறும். 8 ஆம்பியர் அங்கேயே போய்விட்டது. மூன்று ஃபேஸ்களிலும் கரன்ட் சமமாக இல்லையென்றால் கம்ப்ரசரை விட்டுவிட்டு மின் பக்கம் போங்கள். கம்ப்ரசர் எவ்வளவு கெட்டிருந்தாலும் மூன்று ஃபேஸையும் ஒன்றுபோலத்தான் இழுக்கும். வோல்டேஜில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு கரன்ட்டில் 6 முதல் 10 சதவீத ஏற்றத்தாழ்வாகப் பெருகிவிடும். தளர்ந்த லக், கருகிய காண்டாக்டர் முனை, டெல்டா காண்டாக்டர் சரியாகப் பிடிக்காமை என்று எதுவாகவும் இருக்கலாம். ஓவர்ஹால் சாக்கில் மோட்டாரும் பேரிங் மாற்ற வெளியே போய் வந்தது என்கிறீர்கள். அங்கே காயில் சுற்றியும் அனுப்பினார்களா என்று கேளுங்கள். சுற்று எண்ணிக்கை குறைந்திருந்தால் மோட்டார் தனியாக ஓடும்போதே கரன்ட் கூடுதலாக இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்து, கிலோவாட்டே உண்மையில் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. பழைய 112 சரியான அளவுதானா?

தேய்ந்த ரிங்கும் ஒழுகும் வால்வும் உள்ள கம்ப்ரசர் குறைந்த காற்றைத் தள்ளும். குறைந்த கரன்ட்டை எடுக்கும். அதைப் பல வருடம் பார்த்துப் பழகி, அதுதான் அந்த மெஷினின் இயல்பு என்று நினைத்துக்கொள்கிறோம். ஓவர்ஹால் முடிந்ததும் அது தன் முழு அளவுக் காற்றைத் தள்ளத் தொடங்கும்போது கரன்ட் ஏறத்தான் செய்யும். நல்ல நிலையில் உள்ள இரண்டு ஸ்டேஜ் மெஷின் 7 கிலோவில் நிமிடத்துக்கு 12.5 கன மீட்டர் காற்றைத் தர 120 ஆம்பியரையொட்டி எடுப்பது நியாயமே. ஆகவே உங்கள் 30 ஆம்பியரில் 10 ஆம்பியர் வரை உங்களுக்குத் திரும்பக் கிடைத்த காற்றாக இருக்கலாம். அதைப் பழுது என்று துரத்தாதீர்கள்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அமுக்கிய காற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டியான ரிசீவரின் வெளி வால்வை மூடி, உள்ளே இருக்கும் காற்றை முழுதும் திறந்துவிட்டு, தண்ணீரையும் வடித்துவிடுங்கள். பிறகு லோடில் ஓட்டி 0 முதல் 7 கிலோ வரை நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். ரிசீவரும் அதுவரையுள்ள குழாயும் சேர்ந்து 3 கன மீட்டர் என்றால், அதில் 7 கிலோ ஏற சுமார் 20 கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். நிமிடத்துக்கு 12.5 தள்ளும் மெஷினுக்கு அது ஒன்றரை நிமிடத்தைச் சற்றே தாண்டும் வேலை. ரிசீவர் காற்று சூடாக இருப்பதால் சில விநாடிகள் முன்னே பின்னே இருக்கும். உங்கள் மெஷின் 95 விநாடியில் நிரப்பினால் காற்று முழுதாக வருகிறது. 120 விநாடி எடுத்துக்கொண்டு 142 ஆம்பியரும் இழுத்தால், உள்ளே அமுக்கிய காற்றையே திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இனி மெஷினைப் படிப்படியாக ஓட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் ஆம்பியர், கிலோவாட் இரண்டையும் எழுதுங்கள். முதல் படி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டார் மட்டும். இந்த அளவு மோட்டார் 40 ஆம்பியரை ஒட்டி நிற்க வேண்டும். 60 காட்டினால் மோட்டார் சுற்றிய இடத்தில்தான் கோளாறு. இரண்டாவது படி, பெல்ட்டை மாட்டி, எல்லா வால்வுகளையும் வெளியே எடுத்துவிட்டு ஓட்டுவது. துவாரங்களில் தூசி, பஞ்சு போகாமல் கம்பி வலை கட்டுங்கள். நூற்பாலையில் இதை மறந்தால் புது ரிங் வீண். இந்தப் படியில் நீங்கள் பார்ப்பது சுத்த உராய்வு மட்டுமே. ஒன்று கவனியுங்கள், இங்கே ஆம்பியர் நம்மை ஏமாற்றும். குறைந்த சுமையில் மோட்டார் எடுக்கும் கரன்ட்டில் பெரும்பகுதி காந்தப்புலத்துக்கானது. உராய்வு 5 கிலோவாட் கூடினாலும் ஆம்பியர் மூன்று நான்குதான் நகரும். கிலோவாட் மீட்டர் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

மூன்றாவது படி, வால்வுகளை மாட்டி, அன்லோடரில் (காற்று உள்ளே வரும் சக்‌ஷன் வால்வுகளைத் திறந்தே பிடித்து, காற்றை அமுக்காமல் ஓட விடும் அமைப்பு) ஓட்டுவது. 50 ஆம்பியர் அளவில் இருந்தால் நல்லது. முந்தைய படியை விட இது திடீரென்று ஏறினால் ஏதோ ஒரு சக்‌ஷன் வால்வை அன்லோடர் விரல்கள் முழுதாக அமுக்கவில்லை. புது வால்வின் உயரம் மாறினாலோ, கேஸ்கெட் தடிமன் மாறினாலோ விரல் எட்டாமல் போகும். டபுள் ஆக்டிங் சிலிண்டரில் ஒரு பக்கம் அன்லோடு ஆகி மறுபக்கம் அமுக்கிக்கொண்டே இருந்ததை நான் இரண்டு மூன்று இடங்களில் பார்த்திருக்கிறேன். நான்காவது படியில் லோடுக்குக் கொண்டுவந்து, வெளி வால்வை நெருக்கி 2, 4, 6, 7 கிலோ என்று ஏற்றி, ஒவ்வோரிடத்திலும் நிறுத்திக் குறியுங்கள். எந்தப் படியில் எண் எகிறுகிறதோ அந்தப் பகுதியை மட்டும் திறந்தால் போதும்.

உங்கள் விஷயத்தில் நான்காவது படியில்தான் சிக்கும் என்று நினைக்கிறேன். அங்கே பார்க்க வேண்டிய முதல் கருவி, பலரும் திரும்பிக்கூடப் பார்க்காத இன்டர்கூலர் பிரஷர் கேஜ். இரண்டு ஸ்டேஜுக்கும் நடுவில் காற்றைக் குளிர்விப்பதுதான் இன்டர்கூலர்.

இரண்டு ஸ்டேஜும் வேலையைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால்தான் மொத்த வேலை குறைவாக இருக்கும். 7 கிலோ என்பது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் 8. தொடக்கம் 1, முடிவு 8. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 2.8. கேஜில் காட்டுவது அதில் ஒன்று குறைய, 1.8 கிலோ. நடைமுறையில் 1.8 முதல் 2.2 வரை இருந்தால் சரி. இது குறைந்தால் எல்.பி. (முதல் ஸ்டேஜ், குறைந்த அழுத்த) சிலிண்டர் காற்றைச் சரியாகத் தள்ளவில்லை; எல்.பி. வால்வையோ ரிங்கையோ, அடைபட்ட சக்‌ஷன் ஃபில்டரையோ பாருங்கள். கூடினால் எல்.பி. தள்ளும் காற்றை எச்.பி. (இரண்டாம் ஸ்டேஜ், உயர் அழுத்த) சிலிண்டரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை, எச்.பி. வால்வு ஒழுகுகிறது. ஆம்பியரைப் பொறுத்தவரை இந்த இரண்டாவதுதான் கொடியது. எச்.பி.யில் இருந்து திரும்பும் காற்று இன்டர்கூலரில் அழுத்தத்தை ஏற்றுகிறது, பெரிய எல்.பி. பிஸ்டன் அந்த ஏறிய அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. 1.8 இருக்க வேண்டியது 3.2 ஆனால் மொத்த வேலை 15 முதல் 20 சதவீதம் வரை கூடிவிடும். உங்கள் மோட்டாரில் அது ஏறத்தாழ 20 ஆம்பியர். கணக்கு எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆலையில் இதே போன்ற மெஷின், இதே போன்ற புகார். எல்லாரும் பேரிங் இறுக்கம் என்றார்கள். நானும் நம்பினேன். மூன்று பேர் இரண்டு நாள் உட்கார்ந்து ஷிம் மாற்றினோம், பேரிங்கை மறுபடி சுரண்டினோம், ஈயக் கம்பி வைத்து இடைவெளி பார்த்தோம். ஓட்டியபோது ஒரு ஆம்பியர்கூடக் குறையவில்லை. மூன்றாம் நாள் காலையில் எண்ணெய் ஊற்ற வந்த வயதான ஆயில்மேன், எச்.பி. சிலிண்டரின் ஒரு சக்‌ஷன் வால்வு மூடியில் கை வைத்துவிட்டு, "இது மட்டும் கொதிக்கிறதே ஐயா" என்றார். சக்‌ஷன் வால்வு மூடி, உள்ளே வரும் காற்றின் சூட்டில்தான் இருக்க வேண்டும். பக்கத்து மூடியில் கை வைக்க முடிந்து இதில் முடியவில்லை என்றால், அமுக்கிச் சூடான காற்று அந்த வால்வு வழியே பின்னோக்கி ஒழுகுகிறது. திறந்தோம். பழைய செம்புக் கேஸ்கெட் கார்பன் படிந்து கறுத்து, பாக்கெட்டின் அடியில் அப்படியே ஒட்டிக்கிடந்தது. இரும்போடு இரும்பாகத் தெரிந்ததால் ஃபிட்டர் அதைக் கவனிக்காமல் அதன்மேலேயே புதுக் கேஸ்கெட்டை வைத்து வால்வை உட்கார வைத்திருந்தார். வால்வு ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. பழையதைப் பெயர்த்தெடுத்து, இருக்கையைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினோம். இன்டர்கூலர் கேஜ் 3.3-இல் இருந்து 1.9-க்கு வந்தது; ஆம்பியரும் கூடவே இறங்கியது. இரண்டு நாள் உழைப்பில் ஒரு நல்ல பேரிங்கைச் சுரண்டிக் கெடுத்ததுதான் மிச்சம். அன்றிலிருந்து கேஜைப் பார்க்காமல் நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

எனவே லோடில் ஓடும்போது எல்லா வால்வு மூடிகளின் வெப்பத்தையும் எடுங்கள். கையால் வேண்டாம், தூரத்திலிருந்து காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது எல்லா ஆலையிலும் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டேஜிலிருந்தும் வெளிவரும் காற்று 130, 140 டிகிரி அளவில் இருப்பது இயல்பு. இன்டர்கூலரைத் தாண்டி எச்.பி.க்குள் நுழையும் காற்று, குளிர்நீரை விடப் பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் குழாய்களில் உப்புப் படிந்திருக்கிறது. அங்கே 5.5 டிகிரி ஏறினால் மின்செலவு 2 சதவீதம் ஏறும் என்பது எரிசக்தித் தணிக்கையாளர்கள் பயன்படுத்தும் கணக்கு.

வால்வு மூடிகளும் இன்டர்கூலர் அழுத்தமும் சரியாக இருந்தால், அந்த 7 கிலோவைச் சந்தேகியுங்கள். எந்த கேஜில் 7? ரிசீவரில் இருக்கும் கேஜ், கம்ப்ரசர் எதை எதிர்த்துத் தள்ளுகிறது என்பதைச் சொல்லாது. நடுவில் வெளிவரும் காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலர் இருக்கிறது, காற்று திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறது. ஓவர்ஹாலில் நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றி மாட்டியபோது அதன் தட்டு பாதியில் சிக்கிக்கொண்டாலோ, ஆஃப்டர்கூலர் கேஸ்கெட்டில் துளை வெட்டாமல் பாதி மூடியிருந்தாலோ, ரிசீவரில் 7 காட்டும்போது சிலிண்டர் வாயில் 8.5 இருக்கும். ஒரு கிலோ கூடுதல் அழுத்தம் 6 சதவீதத்துக்குக் குறையாமல் மின்சாரம் தின்னும். எச்.பி. டெலிவரி ஃபிளாஞ்சை ஒட்டி, சோதித்த கேஜ் ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

பெல்ட் மெஷின் என்பதால் கப்பியையும் விடாதீர்கள். மோட்டார் வெளியே போய் வந்தபோது கப்பியை மாற்றினார்களா? 200 மில்லிமீட்டர் கப்பி இருந்த இடத்தில் 210 வந்திருந்தால் வேகம் 5 சதவீதம் ஏறும், காற்றும் ஏறும், கரன்ட்டும் அதே அளவு ஏறும். டேக்கோமீட்டரால் கிராங்க் வேகத்தை எடுத்துப் பெயர்ப் பலகையோடு ஒப்பிடுவது ஒரு நிமிட வேலை. அதேபோல சிலிண்டர் தலைக் கேஸ்கெட் பழையதை விட மெல்லியதாக இருந்தால் பிஸ்டன் முனை இடைவெளி குறைந்து காற்றளவு சற்றே கூடும். ஆனால் இடைவெளியைப் பொறுத்தவரை கரன்ட்டை விடப் பிஸ்டன் தலையில் இடிக்கும் அபாயம்தான் பெரிது. ஈயக் கம்பி வைத்து இரண்டு பக்கமும் அளந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாவது படியில் கிலோவாட் கூடுதலாக வந்தால் மட்டும் உராய்வைத் தேடுங்கள். அப்போதும் மெயின் பேரிங்கை விடப் பிஸ்டன் ரிங் வாய் இடைவெளிதான் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடுவது) என் முதல் சந்தேகம். வார்ப்பிரும்பு ரிங்குக்கு 100 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் என்பது பொது அளவு. எண்ணெயில்லாத மெஷினில் போடும் டெஃப்ளான் ரிங் சூட்டில் இதைவிடப் பல மடங்கு விரியும். அதற்கு இரும்பு ரிங் அளவை வைத்தால் வாய் மூடி, சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்திருக்கும்போது கையால் எளிதாகச் சுற்றுகிற மெஷின், சூடேறச் சூடேற கரன்ட் ஏறினால் இதுவாக இருக்கலாம். கிளாண்டு பேக்கிங், கிராஸ்ஹெட், பெல்ட் இழுவிசை இவையெல்லாம் பிறகு.

ஒரு எச்சரிக்கை. டபுள் ஆக்டிங் மெஷின்களில் சக்‌ஷன் வால்வும் டெலிவரி வால்வும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். டெலிவரி இடத்தில் சக்‌ஷன் வால்வை மாட்டிவிட்டால் அமுக்கிய காற்றுக்கு வெளியேறும் வழியே இல்லை. மூடி பெயர்ந்து பறக்கும், உயிர் போகும். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு வால்வையும் மரக்குச்சியால் அழுத்திப் பாருங்கள். சக்‌ஷன் வால்வு சிலிண்டர் பக்கமாகத் திறக்க வேண்டும், டெலிவரி வால்வு சிலிண்டரை விட்டு வெளிப்பக்கமாக. லோடு ஏற்றும்போது எங்காவது கனமான தட்டல் கேட்டால் அந்த விநாடியே நிறுத்துங்கள். திறக்கும் முன் ஃபியூஸைப் பிடுங்கிப் பூட்டி, ரிசீவரை மட்டுமல்ல, இன்டர்கூலரையும் காலி செய்யுங்கள்; அங்கே தங்கிய 2 கிலோ காற்று கிராங்கைச் சுற்றிக் கையை நசுக்கப் போதும். இன்டர்கூலரையும் வால்வையும் மண்ணெண்ணெயில் கழுவியிருந்தால் ஒரு துளி ஈரமில்லாமல் காய்ந்த பிறகுதான் ஓட்ட வேண்டும். சூடான அழுத்தக் காற்றில் அந்த ஆவி வெடிக்கும்.

ஐஸ் ஃபேக்டரியிலோ குளிர்பதனக் கிடங்கிலோ அம்மோனியா கம்ப்ரசர் வைத்திருக்கும் நண்பர்களும் இதையே கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. ஓவர்ஹாலுக்காக நிறுத்திய நாட்களில் அறை சூடேறியிருக்கும், சக்‌ஷன் அழுத்தம் வழக்கத்தை விட உயர்ந்திருக்கும். அடர்த்தியான வாயு உள்ளே வருவதால் மெஷினில் பழுதே இல்லாமல் மோட்டார் திணறும். சக்‌ஷன் வால்வை நெருக்கி வைத்து, அறை குளிரக் குளிர மெதுவாகத் திறந்தால் கரன்ட் தானே இறங்கும். உங்கள் காற்று மெஷினுக்கு இது பொருந்தாது.

கடைசியாக ரிலே. விழுகிறதே என்று அதன் செட்டிங்கை 145-க்கு ஏற்றி ஓட்டாதீர்கள். ஏற்றினால் அடுத்து மோட்டார் சுற்றத்தான் அனுப்புவீர்கள். ஆனால் ரிலே சரியான இடத்தில் சரியான எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே டெல்டாவுக்குள் (மோட்டார் காயிலின் கரன்ட் மட்டும் போகும் கம்பியில்) இருந்தால் செட்டிங் 130-இன் 58 சதவீதம், அதாவது 75 ஆம்பியர். லைனில் இருந்தால் 130. காரணத்தைக் கண்டு சரிசெய்த பிறகு, 4 கிலோவில் சில மணி நேரம், 5.5-இல் சில மணி நேரம் என்று ரிங்குகளைப் பழக்கி 7-க்குக் கொண்டுவாருங்கள். முதல் 100 மணி நேரத்தில் மூன்று நான்கு ஆம்பியர் தானாகக் குறையும். 120-ஐ ஒட்டி வந்து நின்றுவிட்டால் பழைய 112-ஐத் தேடி மறுபடி எதையும் திறக்க வேண்டாம்.